பதினேழு வயதுக்குப் பிறகு

விளையாட்டு வீரர்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வெற்றி மேடையோடு முடித்துவிடுகிறோம். பதக்கம் கழுத்தில் ஏறியதும், கொடி உயர்ந்ததும், கதை நிறைவுற்றதாக எண்ணிப் புத்தகத்தை மூடிவைக்கிறோம். ஆனால் ஓடுகிறவனுக்கும் தாண்டுகிறவனுக்கும் உச்சம் என்பது பெரும்பாலும் முப்பது வயதுக்குள் வந்து கடந்துவிடும் ஒன்று. எழுத்தாளர் ஒருவர் தம் சிறந்த நாவலை அறுபதில் எழுதலாம்; இசைக்கலைஞர் ஒருவரின் குரல் எழுபதில் கனியலாம். உடலைக் கருவியாகக் கொண்டவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவன் தன் வாழ்வின் பெரும்பகுதியை, தன் மிகச் சிறந்த நாள் கடந்துபோன பிறகுதான் வாழவேண்டியிருக்கிறது.

அந்த நாள் பதினேழு வயதிலேயே வந்துவிட்டால் என்ன செய்வது? பள்ளி இறுதித் தேர்வு எழுதிய இரண்டே மாதங்களில் உலகின் தலைசிறந்த தடகள வீரன் என்று பெயரெடுத்து, அதன் பின் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இங்கே பார்க்கலாம். அவர் பெயர் பாப் மத்தையஸ். ஊர், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள துலேரி.

கலிபோர்னியா என்றதும் நம் நினைவுக்கு வருவது ஹாலிவுட்டும் கடற்கரையும் கணினி நிறுவனங்களும்தான். அம்மாநிலத்தின் நடுவே, கடலோரக் குன்றுகளுக்கும் சியரா நெவாடா மலைத்தொடருக்கும் இடையில் நீண்டு கிடக்கும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு வேறோர் உலகம். பருத்தியும் திராட்சையும் பால்மாடும்தான் அங்கே பிழைப்பு. துலேரி என்ற பெயரே அப்பகுதி ஏரிக்கரைகளில் மண்டிக்கிடந்த கோரைப்புல்லிலிருந்து வந்தது. 1872இல் இரயில் பாதையை ஒட்டி உருவான அந்த ஊரில், 1950ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 12,000 பேர் வசித்தனர். 1930களில் ஓக்லஹோமா பக்கத்துப் புழுதிப் புயல்களால் நிலமிழந்த உழவர் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து சேர்ந்த இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கும் ஒன்று.

இங்கே 1930 நவம்பர் 17ஆம் நாள் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவன் பாப். சிறு வயதில் அவனுக்கு இரத்தச் சோகை இருந்தது. இரும்புச் சத்து மாத்திரைகளும் கட்டாய ஓய்வுமாகத் தந்தை அவனைப் பேணி வளர்த்தார். அந்தப் பையன்தான் துலேரி யூனியன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து அணியிலும், குளிர்காலத்தில் கூடைப்பந்து அணியிலும், வசந்தத்தில் தடகள அணியிலும் இடம்பிடித்தான்.

இவ்விடத்தில் அமெரிக்கப் பள்ளி விளையாட்டின் அமைப்பை நாம் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே பள்ளி ஆண்டு விளையாட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பருவத்தின் ஆட்டம் முடிந்த பிறகே அடுத்ததன் பயிற்சி தொடங்கும். பெரிய நகரத்துப் பள்ளி என்றால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே ஆள் கிடைப்பார்கள். சிறிய ஊரில் அத்தனை பையன்களுக்கு எங்கே போவது? அக்டோபரில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதிய அதே பையன்கள்தாம் ஜனவரியில் கூடைக்குள் பந்தைப் போடவேண்டும். ஏப்ரலில் தடைகளைத் தாண்டவும் வட்டு எறியவும் அவர்களே வரவேண்டும். பல விளையாட்டுகளில் வல்லவன் என்ற பட்டம் அங்கே பாதி திறமையாலும் பாதி ஆள் பற்றாக்குறையாலும் உருவானது. இந்தப் பற்றாக்குறை ஒரு கொடையாகவும் இருந்தது. எந்த ஆட்டத்துக்கு உரியவன் என்று ஒரு பையனைச் சீக்கிரமே முத்திரை குத்திவிடும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளியின் பயிற்சியாளர் விர்ஜில் ஜாக்சன், பாபிடம் டெகாத்லான் என்ற போட்டியைப் பற்றிப் பேசினார். இரண்டு நாட்களில் பத்துப் போட்டிகள். முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியில் 1500 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றிலும் காட்டிய திறனுக்கு அட்டவணைப்படி புள்ளிகள் தரப்படும். பத்தின் கூட்டுத்தொகையே முடிவு. ஒன்றில் மேதையாக இருந்து மற்றவற்றில் சோடை போகிறவனுக்கு இங்கே இடமில்லை. எதையும் ஓரளவு நன்றாகச் செய்யக்கூடிய, தோற்ற போட்டியை அடுத்த கணமே மறந்துவிடக்கூடிய மனிதனையே இப்போட்டி தேடுகிறது. யோசித்துப் பார்த்தால், சிறிய ஊர்ப் பள்ளி ஒன்று தன் பையன்களிடம் ஆண்டு முழுவதும் கேட்பதைத்தான் டெகாத்லான் இரண்டே நாட்களில் கேட்கிறது.

ஜாக்சனின் கணக்கு நான்கு ஆண்டுகளுக்கானது. இப்போது தொடங்கினால் 1952 ஒலிம்பிக்கில் பையன் தேறக்கூடும் என்பது அவர் எண்ணம். பாபுக்கோ ஈட்டி எறிதல், கோலூன்றித் தாண்டுதல், 1500 மீட்டர் ஓட்டம் ஆகியவை புதியவை. சில வாரப் பயிற்சிக்குப் பின், ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் நடந்த தன் முதல் டெகாத்லானில் கலந்துகொண்டு வென்றான். அதே மாதக் கடைசியில் நாட்டின் மறுகோடியில், நியூ ஜெர்சி மாநிலத்துப் புளூம்ஃபீல்டில் தேசியப் போட்டி. ஒலிம்பிக்குக்கான தேர்வும் அதுவே. பயணச் செலவுக்கு ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். தேசியப் பட்டத்தை ஏற்கெனவே வென்றிருந்த இர்விங் மாண்ட்ஷைனைப் பின்தள்ளி, பையன் அங்கேயும் முதலிடம் பெற்றான். நான்கு ஆண்டுத் திட்டம் நான்கு மாதங்களில் முடிந்துவிட்டது.

1948 லண்டன் ஒலிம்பிக் போருக்குப் பிந்தைய முதல் ஒலிம்பிக். சுதந்திர இந்தியா முதன்முதலாகப் பங்கேற்றதும் அதில்தான். உணவுப் பங்கீட்டுக் காலத்து லண்டனில் புதிய அரங்கம் கட்ட வசதியில்லாமல், ஏற்கெனவே இருந்த வெம்பிளி அரங்கத்திலேயே தடகளப் போட்டிகள் நடந்தன. ஆகஸ்ட் 5, 6 ஆகிய நாட்களில் டெகாத்லான். வானம் மூடிக்கிடந்தது, மழையும் குளிரும்.

பையனின் அனுபவமின்மை முதல் நாளே வெளிப்பட்டது. குண்டு எறிந்தவன் வட்டத்தின் பின்பாதி வழியாகவே வெளியேற வேண்டும் என்ற விதி அவனுக்குத் தெரியவில்லை. முன்பக்கமாக நடந்து வெளியேறியதால், நல்லதோர் எறிதல் செல்லாமல் போயிற்று. உயரம் தாண்டுதலில், தாண்டியிருக்க வேண்டிய உயரம் ஒன்றில் இருமுறை தவறினான். மூன்றாவது முறையும் தவறியிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். தாண்டினான், அதன் பின் 1.86 மீட்டர் வரை போனான். அன்றைய முடிவில் அர்ஜென்டினாவின் கிஸ்டென்மாக்கரும் பிரான்சின் ஹைன்ரிச்சும் முன்னே இருக்க, துலேரிப் பையன் மூன்றாம் இடத்தில் இருந்தான்.

மறுநாள் நீண்டுகொண்டே போனது. வட்டு எறிதலில் அவன் வட்டு விழுந்த இடத்தைக் காட்டும் அடையாளக் குச்சி சாய்ந்துவிட்டது. ஈரப் புல்தரையில் அந்தக் குழியைத் தேடி நடுவர்கள் வெகுநேரம் அலைந்தனர். கடைசியில் 44 மீட்டர் என்று குறித்தார்கள். போட்டிக்காரர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், தன் முறை வரும்வரை போர்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. கோலூன்றித் தாண்டுகையில் பொழுது சாய்ந்துவிட்டது. ஈட்டி எறியும்போது கோடு எங்கே இருக்கிறது என்று கைவிளக்கைப் பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. 1500 மீட்டரை 5 நிமிடம் 11 விநாடியில் ஓடி முடித்தபோது இரவு பத்தரை மணியளவு ஆகியிருந்தது. மொத்தம் 7,139 புள்ளிகள். ஹைன்ரிச் 6,974 புள்ளிகளோடு இரண்டாம் இடம். ஆண்கள் தடகளத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களில் மிக இளையவன் என்ற பெயர் அந்த இரவில் அவனுக்கு வந்தது.

எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்று கேட்டவர்களிடம், இனி முகச்சவரம் செய்யத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன் என்றானாம். இந்த விடை பின்னாளில் எண்ணற்ற முறை மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் களைப்பின் உச்சத்தில் அவன் சொன்ன இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது: இந்தப் போட்டியில் இனி ஒருபோதும் இறங்கமாட்டேன் என்பது. துலேரியில் செய்தி எட்டியதும் சங்குகள் முழங்கின. ஊர் தெருவுக்கு வந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த அமெரிக்க அமெச்சூர் வீரருக்கான சல்லிவன் விருதும் அவனைத் தேடி வந்தது. கல்லூரியில் இன்னும் கால்வைக்காத ஒரு பையனுக்கு ஒரு நாடு இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்?

இதன் பிறகு நடந்தவைதாம் நம் கேள்விக்கு உரியவை.

முதலில் அவன் செய்தது, திரும்பவும் மாணவனானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான படிப்பு போதாததால் பென்சில்வேனியாவில் ஓர் ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு படித்தான். பிறகு ஸ்டான்ஃபோர்டு. இனி இறங்கமாட்டேன் என்று சொன்ன டெகாத்லானுக்கும் திரும்பினான். 1950இல் தேசியப் போட்டி துலேரியிலேயே நடந்தது. அதில் அவன் பெற்ற 8,042 புள்ளிகள் அன்றைய உலக சாதனை. உலக சாதனைகள் பெருநகர அரங்கங்களில்தான் நிகழும் என்பதில்லை. அவன் பழகிய ஊரிலேயே, அவனை அறிந்தவர்கள் பார்த்திருக்க, அது நிகழ்ந்தது.

கால்பந்தையும் அவர் விடவில்லை. 1951இல் ஸ்டான்ஃபோர்டு அணியில் ஆடி, 1952 ஜனவரி 1ஆம் நாள் ரோஸ் பௌல் இறுதியாட்டத்திலும் களமிறங்கினார். இல்லினாய் அணியிடம் 7க்கு 40 என்ற கணக்கில் தோற்ற ஆட்டம் அது. அதே ஆண்டு ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக். ரோஸ் பௌலிலும் ஒலிம்பிக்கிலும் ஒரே ஆண்டில் பங்கேற்ற முதல் மனிதர் அவரே. ஹெல்சிங்கியில் தொடையில் அடிபட்டும் 7,887 புள்ளிகள் எடுத்தார். இடையில் புள்ளி அட்டவணை மாற்றப்பட்டிருந்ததால் இந்த எண் 1950இன் எண்ணைவிடச் சிறிதாகத் தோன்றினாலும், புதிய கணக்கில் இதுவே உலக சாதனை. இரண்டாம் இடம் பெற்றவருக்கும் அவருக்கும் 912 புள்ளி இடைவெளி. டெகாத்லான் தங்கத்தை ஒருவர் இரண்டாம் முறையாக வென்றது அதுவே முதல் தடவை. அவருக்குப் பின் இதைச் செய்தவர்கள் பிரிட்டனின் டேலி தாம்சனும் (1980, 1984) அமெரிக்காவின் ஆஷ்டன் ஈட்டனும் (2012, 2016) மட்டுமே.

இந்த ஹெல்சிங்கி வெற்றியைச் சுற்றி வேறு மூன்று பேர் நிற்கிறார்கள். மூவரும் உயர்நிலைப் பள்ளி மைதானத்திலிருந்து வந்தவர்களே. மத்தையஸின் வாழ்க்கையை இவர்களோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் தெளிவாகிறது.

முதலாமவர் சிம் ஐனெஸ். ஓக்லஹோமாவில் பிறந்து, கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை. துலேரி யூனியன் பள்ளியில் மத்தையஸின் தோழர். ஹெல்சிங்கியில் வட்டு எறிதலில் 55.03 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். சுமார் 12,000 பேர் கொண்ட ஓர் ஊரின் ஒரே பள்ளியில் ஒன்றாகப் படித்த இருவர், ஒரே ஒலிம்பிக்கில் தனித்தனியே தங்கம் வென்றிருக்கிறார்கள். மறு ஆண்டு ஐனெஸ் வட்டு எறிதலில் உலக சாதனையும் படைத்தார். அதன் பிறகு அவர் பெயரை உலகம் அதிகம் கேட்கவில்லை. அதே மாவட்டத்துப் போர்ட்டர்வில்லில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் வாழ்ந்து 1996இல் மறைந்தார். மருத்துவரின் மகனும் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையும் ஒரே மைதானத்தில் சமமாக நின்றார்கள். மைதானத்துக்கு வெளியே அவர்களுக்காகக் காத்திருந்த கதவுகள் வேறு வேறாக இருந்தன.

இரண்டாமவர் மில்ட் கேம்ப்பெல். நியூ ஜெர்சியின் பிளெயின்ஃபீல்டு பள்ளி மாணவர். கால்பந்து, தடகளம், நீச்சல் எல்லாவற்றிலும் சூரர். கறுப்பினத்தவர். ஹெல்சிங்கியில் மத்தையஸுக்கு அடுத்ததாக வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 18. 1956 மெல்போர்னில் தங்கம் வென்றார். ஆனால் மத்தையஸைத் தேடி வந்த திரைப்பட வாய்ப்புகளோ பட்டங்களோ அவர் வாசலுக்கு வரவில்லை. 1957இல் கிளீவ்லாண்ட் தொழில்முறைக் கால்பந்து அணியில் ஒரு பருவம் ஆடியவரை அணி நிர்வாகம் விடுவித்தது. தாம் வெள்ளையினப் பெண்ணை மணந்ததே அதற்குக் காரணம் என்று அவர் பிற்காலத்தில் கூறினார். உலகின் தலைசிறந்த தடகள வீரர் என்ற ஒரே பட்டத்தைத்தான் இருவரும் பெற்றார்கள். அந்தப் பட்டத்தின் செலாவணி மதிப்பு, அதைச் சுமந்தவரின் நிறத்தைப் பொறுத்து மாறியது.

மூன்றாமவர் ரேஃபர் ஜான்சன். துலேரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிங்ஸ்பர்க் என்ற இன்னும் சிறிய ஊரில், கறுப்பினக் குடும்பங்கள் அரிதாக இருந்த இடத்தில் வளர்ந்தவர். அவரும் பள்ளியில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் என எல்லாம் ஆடியவர். 1952இல் துலேரியில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தபோது அவருடைய பயிற்சியாளர் அவரைக் காரில் அழைத்துவந்து மத்தையஸைக் காட்டினார். அன்று பார்வையாளர் வரிசையில் இருந்த அந்த மாணவர், இது என்னாலும் முடியும் என்ற எண்ணத்தோடு திரும்பினார். 1956இல் கேம்ப்பெல்லுக்கு அடுத்து வெள்ளி. 1960 ரோமில் தங்கம். 1968இல் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட இரவில், சுட்டவனை மடக்கிப் பிடித்தவர்களில் ஒருவரும் அவரே. அறிவுத்திறன் குறைபாடுடைய குழந்தைகளுக்கான விளையாட்டு இயக்கத்தைக் கலிபோர்னியாவில் நிறுவி வளர்த்தார். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் தீபத்தை ஏற்றினார். 2020 டிசம்பரில் மறைந்தார். 1948இல் ஊர்க்காரர்கள் ஒரு பையனின் பயணத்துக்காகத் திரட்டிய பணம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இவர் வாழ்வும் ஒரு சாட்சி.

இனி மத்தையஸின் பிற்கால வாழ்வு. ஹெல்சிங்கியில் வென்றபோது அவருக்கு வயது 21. டெகாத்லான் வீரர்கள் பொதுவாக இருபதுகளின் நடுவிலும் பிற்பகுதியிலும்தான் முழு வலிமை பெறுவர். 1956இல் மூன்றாவது தங்கம் கிடைத்திருக்கக்கூடும். ஆனால் 1954இல் வெளிவந்த, அவரது வாழ்க்கையையே கதையாகக் கொண்ட திரைப்படத்தில் அவரே அவராகவும், மனைவி மெல்பா மனைவியாகவும் நடித்தனர். விளையாட்டால் வந்த புகழைக் கொண்டு பணம் ஈட்டியவர் அமெச்சூர் அல்லர் என்பது அன்றைய விதி. ஒலிம்பிக் வாசல் அத்தோடு அடைபட்டது. தாம் இறங்கிய எந்த டெகாத்லானிலும் தோற்றறியாத ஒருவரை, எந்தப் போட்டியாளராலும் செய்ய முடியாததை ஒரு விதி செய்தது: களத்திலிருந்து வெளியேற்றியது.

இந்த விதியின் கொடுமை டெகாத்லானுக்குப் புதியதன்று. 1912 ஸ்டாக்ஹோமில் இப்போட்டியின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற ஜிம் தார்ப், அமெரிக்கப் பழங்குடியினர். கோடை விடுமுறையில் சிறு தொகைக்கு பேஸ்பால் ஆடியவர் என்று சொல்லி, மறு ஆண்டே அவர் பதக்கங்களைப் பறித்துக்கொண்டார்கள். 1953 மார்ச்சில் அவர் வறுமையில் மறைந்தார். பதக்கங்கள் 1983இல்தான் அவர் குடும்பத்துக்குத் திரும்பின; அவரே தனி வெற்றியாளர் என்று பதிவேடு முழுமையாகத் திருத்தப்பட்டது 2022இல். தார்ப்பை நினைக்கும்போது மத்தையஸ் இழந்தது சிறிதே என்று தோன்றலாம். பணம் தேவைப்படாதவனே தூய வீரன் என்ற கொள்கை ஏழையைத் தண்டித்தது, வசதியுள்ளவனைக் கொஞ்சம் தடுத்துவைத்தது. இரண்டும் ஒரே விதியின் வேலைதான்.

அதன் பிறகு அவர் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். வெளியுறவுத் துறை அவரை நல்லெண்ணத் தூதராகப் பல நாடுகளுக்கு அனுப்பியது. ஹெல்சிங்கியில் முதன்முறையாகச் சோவியத் யூனியன் களமிறங்கியிருந்த பனிப்போர்க் காலம் அது. ஆறடிக்கு மேல் உயரமும் சிரித்த முகமும் கொண்ட சிறிய ஊர்ப் பையனைவிட நல்ல விளம்பரம் அமெரிக்காவுக்கு ஏது? சில திரைப்படங்களில் நடித்தார். இத்தாலியில் எடுக்கப்பட்ட ஒரு புராணப் படத்தில் கிரேக்க வீரன் தீசியஸாகவும் தோன்றினார். இப்படங்களுள் ஒன்றும் காலத்தை வென்று நிற்கவில்லை. சிறுவர்களுக்கான கோடைக்கால முகாம் ஒன்றை மலைப்பகுதியில் நடத்தினார்.

1966இல் குடியரசுக் கட்சியின் சார்பில் சொந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான்கு முறை தொடர்ந்து வென்று எட்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1974இல் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டன. வாட்டர்கேட் ஊழலால் நிக்சன் பதவி விலகிய சில மாதங்களில் தேர்தல். அவர் கட்சி நாடெங்கும் அடிவாங்கியது. அந்த அலையில் மத்தையஸும் தோற்றார். டெகாத்லானில் தோல்வியே காணாதவர் வாக்குப்பெட்டியில் தோற்றது, தம் ஓட்டத்தின் வேகம் குறைந்ததால் அல்ல. அரசியலில் மனிதனின் திறனை அளக்க அட்டவணை கிடையாது. அடுத்தவர் செய்த குற்றத்துக்கும் நம் புள்ளியே குறையும்.

1977இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொடங்கப்பட்ட அமெரிக்க ஒலிம்பிக் பயிற்சி மையத்தின் முதல் இயக்குநராகி, 1983 வரை பணியாற்றினார். இதில் உள்ள முரண் நம்மை யோசிக்க வைக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் ஒருவரைச் செதுக்கும் முறைக்கான ஒரு நிறுவனத்தை உருவாக்கும் பொறுப்பு, பருவத்துக்கு ஓர் ஆட்டமாக ஆடி வளர்ந்த, ஈட்டியை ஒரே வசந்தத்தில் கற்றுக்கொண்ட ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதைத் திறம்படவே செய்தார். ஆனால் அவரைப் போன்ற இன்னொருவர் உருவாகக்கூடிய உலகம் அதற்குள் குறுகத் தொடங்கிவிட்டது. இன்று அமெரிக்காவில் பத்து வயதிலேயே பிள்ளைகளை ஒரே விளையாட்டுக்கு நேர்ந்துவிடும் பெற்றோர் பலர். இதனால் காயங்களும் மனச்சோர்வும் மிகுகின்றன என்று கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், 15 அல்லது 16 வயதுவரையாவது பல விளையாட்டுகளையும் ஆடவிடுங்கள் என்று 2016இல் அறிவுரை வழங்கியது. துலேரியில் பற்றாக்குறை தானாகவே செய்துவைத்ததை, இன்று மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் எழுதித்தர வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பின் அவர் தம் பள்ளத்தாக்குக்கே திரும்பி, ஃபிரெஸ்னோ பகுதியில் வாழ்ந்தார். 1996இல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதனோடு பத்தாண்டுகள் போராடி, 2006 செப்டம்பர் 2ஆம் நாள் 75ஆம் வயதில் மறைந்தார். துலேரியில் அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது என்ன விடை சொல்வது? மத்தையஸின் பிற்கால வேலைகள் எவையும் 1948 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவுக்கு நிகரானவை அல்ல. நடிகராக அவர் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. சட்டமன்ற வாழ்வு மதிப்புக்குரியது, ஆனால் நாட்டின் வரலாற்றில் தனி அத்தியாயம் பெறுவதன்று. அவரைப் பற்றிய எந்த இரங்கல் குறிப்பும் அந்த மழையிரவிலிருந்தே தொடங்கியது. இதைச் சரிவு என்று சொல்லிவிடுவது எளிது. சிறு வயதில் பெரும்புகழ் பெற்றுப் பின்னர் குடியிலும் கசப்பிலும் கரைந்துபோனவர்களின் பட்டியல் விளையாட்டிலும் உண்டு, இலக்கியத்திலும் உண்டு.

அவர் அப்படிக் கரையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஒரு போட்டி முடிந்ததும் அதன் வெற்றியையும் தோல்வியையும் அங்கேயே விட்டுவிட்டு, ஈரத் தரையில் போர்வைக்குள் அமர்ந்து அடுத்ததற்காகக் காத்திருக்கப் பழகியவர் அவர். கால்பந்துப் பருவம் முடிந்தால் கூடைப்பந்து. கூடைப்பந்து முடிந்தால் தடகளம். தடகளம் மறுக்கப்பட்டால் வேறொன்று. எந்த ஒன்றையும் தன் முழு அடையாளமாக்கிக்கொள்ளாத அந்தப் பழக்கத்தை அவர் ஸ்டான்ஃபோர்டிலோ ஹெல்சிங்கியிலோ கற்கவில்லை. போதுமான பையன்கள் இல்லாத ஒரு பள்ளிக்கூடம் அதைக் கற்றுக்கொடுத்தது. அதே பள்ளியின் ஐனெஸ், புகழ் வாய்க்காமல் தம் பிள்ளைகளுக்கு வட்டு எறியக் கற்றுக்கொடுத்துக்கொண்டே நிறைவாக வாழ்ந்ததையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

துலேரி யூனியன் பள்ளியின் விளையாட்டரங்கம் இன்று பாப் மத்தையஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. இலையுதிர்காலத்தில் அங்கே கால்பந்து நடக்கும். வசந்தம் வந்தால் அதே இடத்தில் வேறு ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள்.